பெயர் இருக்கிறது, ஆள் இருக்கிறாரா?

கொரோனா காலத்தில் இணையவழியில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் பலருக்கும் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. "சரி, இன்றைக்கு இவ்வளவுதான், கிளம்பலாம்" என்று சொல்லியாகிவிட்டது. திரையில் இருந்த பெயர்கள் சரசரவென்று மறைகின்றன. அறுபது நாற்பதாகி, நாற்பது பத்தாகி, கடைசியில் ஐந்து பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. "ஏதாவது சந்தேகமா?" பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. கொஞ்சம் சங்கடத்தோடு ஆசிரியர் வகுப்பை மூடுகிறார். வருகைப் பதிவில் அந்த ஐந்து பேரும் முழு நேரமும் வந்திருக்கிறார்கள். சொல்லப்போனால் வகுப்பில் கடைசிவரை இருந்தவர்களே அவர்கள்தான்.

வருகை வேறு, ஈடுபாடு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஈடுபாடு என்றால் என்ன, அதற்கும் மாணவர்களின் மனநலத்துக்கும் என்ன தொடர்பு, பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டும் ஏன் சேர்ந்தே சரிந்தன என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

முதலில் சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். புலப்படு, அகப்படு, ஆட்படு மாதிரிதான் ஈடுபடு என்பதும். இந்த வகைப் 'படு' வரும் இடத்தில் கட்டளைக்கு வேலை குறைவு. "வகுப்புக்கு வா" என்று உத்தரவு போடலாம், "ஈடுபாடு கொள்" என்று போட முடியாது. அது அமைய வேண்டும். அமைவதற்கான சூழலைத்தான் நம்மால் உண்டாக்க முடியும்.

கல்லூரி மாணவர்களைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பழைய, ஆனால் இன்றும் பயன்படுகிற வரையறை இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் சொன்னது: ஒரு மாணவர் தன் கல்வி அனுபவத்தில் செலுத்தும் உடல், மன ஆற்றலின் அளவே ஈடுபாடு. இதில் 'ஆற்றல்' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2004-இல், ஃப்ரெட்ரிக்ஸ், ப்ளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஈடுபாட்டுக்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்கள். ஒன்று செயல்: வருவது, குறிப்பெடுப்பது, அசைன்மென்ட்டை நேரத்துக்கு முடிப்பது. இரண்டாவது உணர்வு: ஆர்வம், சலிப்பு, பதற்றம், 'இது என் வகுப்பு' என்ற ஒட்டுதல். மூன்றாவது சிந்தனை: கடினமான இடத்தில் விட்டுவிடாமல் மோதிப் பார்ப்பது, தெரிந்ததோடு புதியதை இணைப்பது.

இந்த மூன்றும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. அதுதான் சிக்கலே. எல்லா அசைன்மென்ட்டையும் கெடுவுக்குள் அனுப்பிவிடுகிற மாணவிக்குப் பாடத்தின் மீது துளி ஆர்வமும் இல்லாமல் இருக்கலாம். வகுப்பை ரசித்துக் கேட்கிற ஒருவர் அதற்குப் பிறகு ஒரு கணக்கைக்கூடத் தானாகப் போட்டுப் பார்க்காமல் இருக்கலாம். கணினித் திரை பதிவு செய்வது முதல் முகத்தை மட்டும்தான்: எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை காணொளிகளைத் திறந்தார், எத்தனை முறை சொடுக்கினார். மற்ற இரண்டும் அதன் கண்ணில் படாது. வகுப்பறையில் ஆசிரியர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்; யார் முகம் சுருங்குகிறது, யார் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார் என்று. அந்தப் பார்வை போனதும் கையில் மிஞ்சியது வருகைப் பதிவு. கையில் இருந்ததைத்தான் பல கல்லூரிகள் அளந்தன. அளந்ததையே ஈடுபாடு என்றும் நம்பின.

இப்போது ஆற்றலுக்கு வருவோம். செலுத்துவதற்கு ஆற்றல் இருந்தால்தானே செலுத்த முடியும்?

நலம் என்பதை நாம் வழக்கமாக நோயின் எதிர்ப்பதமாகவே நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948-இல் நடைமுறைக்கு வந்தபோதே, நோய் இல்லாமல் இருப்பது மட்டும் நலமல்ல, உடலாலும் மனத்தாலும் சமூக உறவாலும் நன்றாக இருப்பதுதான் நலம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். சமூகவியலாளர் கோரி கீஸ் 2002-இல் இதை இன்னும் தெளிவாக்கினார். மனநலம் ஒரு நீண்ட கோடு. ஒரு முனையில் செழிப்பு, மறுமுனையில் அவர் ஆங்கிலத்தில் 'லாங்குவிஷிங்' என்று அழைத்த நிலை. அதைத் தமிழில் 'வாட்டம்' என்றால் பொருத்தமாக இருக்கும். வாட்டம் மனநோய் அல்ல. ஆள் எழுந்திருக்கிறார், சாப்பிடுகிறார், வகுப்பைத் திறக்கிறார். ஆனால் எதிலும் பிடிப்பில்லை, எதற்காகச் செய்கிறோம் என்றும் தெரியவில்லை. "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். அது பொய்யும் அல்ல. தண்ணீர் ஊற்றாத செடி காய்ந்தா போய்விட்டது? இல்லை, வாடித்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19-ஐப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது 2020 மார்ச் 11 அன்று. அடுத்த சில வாரங்களில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்களின் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அவர்களில் கடுமையான மன அழுத்தத்துக்கு ஆளானவர்கள் உண்டு, உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அதை எந்தக் கட்டுரையும் லேசாகப் பேசிவிடக் கூடாது. ஆனால் அதற்கு வெளியே ஒரு பெரிய கூட்டம் இந்த வாட்டத்தில் இருந்தது. மருத்துவர் கண்ணுக்கும் தெரியாது, வருகைப் பதிவிலும் தெரியாது. கேள்வி கேட்டால் மட்டும் பதில் வராது.

அப்படி வாட வைத்தது எது? நோய் பயம், பணக் கவலை எல்லாம் இருந்தன. கவலை என்பது மனத்தின் மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடியவை நான்கைந்து விஷயங்கள்தான். அதில் ஒன்றிரண்டு இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால், வகைநுண்கணிதத்துக்கு மிஞ்சுவது என்ன? ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் ஏறவில்லை என்று பல மாணவர்கள் சொன்னது சோம்பேறித்தனம் அல்ல, இடப் பற்றாக்குறை.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த ஒரு கோட்பாடு இருக்கிறது. உடலுக்குத் தண்ணீர் மாதிரி மனத்துக்கு மூன்று தேவைகள் உண்டு என்பது அதன் சாரம்: என் செயலை நான் தேர்ந்தெடுக்கிறேன் என்ற தன்னுரிமை, என்னால் முடிகிறது என்ற திறனுணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உறவுணர்வு. இவை கிடைத்தால் ஆள் நலமாகவும் இருப்பார், தானாகவே ஈடுபடவும் செய்வார். கிடைக்காவிட்டால் இரண்டும் சரியும். அதனால்தான் நலத்தையும் ஈடுபாட்டையும் தனித்தனிக் கணக்காகப் பார்க்க முடியாது என்கிறேன். இரண்டும் ஒரே கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீர்.

தன்னுரிமையில் ஒரு வேடிக்கை நடந்தது. பதிவு செய்த பாடத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றானது. கேட்க சுதந்திரம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தைப் பார்க்கிற மாணவர் நான்கு பேர் இருக்கிற ஒரு அறையில், ஒரே ஒரு போனை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேரம் அவருடையது, இடம் அவருடையதல்ல. இன்னொரு பக்கம், தனி அறையும் நல்ல இணைப்பும் இருந்தவர்களுக்கு வேறு சிக்கல்: எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது, இப்போது பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. கல்லூரிக்குக் கிளம்புவது, போய்ச் சேர்வது, மணி அடிப்பது எல்லாம் நேரத்துக்கு எலும்பு மாதிரி. எலும்பை எடுத்துவிட்டால் நாள் எழுந்து நிற்காது. படுக்கையிலேயே வகுப்பு, படுக்கையிலேயே படம், படுக்கையிலேயே தூக்கம் என்றானபோது மூளைக்கு எது எதற்கான நேரம் என்ற அடையாளமே போய்விட்டது.

திறனுணர்வில் நடந்தது இன்னும் நுட்பமானது. வகுப்பறையில் ஒரு தேற்றம் புரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்ப்போம். அவரும் விழித்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு பார்வையில் பெரிய ஆறுதல் இருக்கிறது: நான் மட்டும் மக்கு இல்லை. திரையில் பக்கத்து நாற்காலி கிடையாது. எல்லோரும் கறுப்புக் கட்டங்கள், யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று அறுபது பேரும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் வாய் திறக்காததால் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சமூக உளவியலில் பழைய சங்கதிதான் இது. மியூட் பொத்தான் அதைப் பன்மடங்கு பெருக்கிவிட்டது.

உறவுணர்வைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நெருங்கிய நண்பர்களைப் பிரிந்ததைத்தான் சொல்வார்கள். நெருங்கிய நண்பர்கள் எங்கும் போய்விடவில்லை. வாட்ஸ்அப்பில் இருந்தார்கள், முன்பைவிட அதிகமாகவே பேசினார்கள். காணாமல் போனவர்கள் அரைகுறையாகத் தெரிந்தவர்கள். நூலகத்தில் தினமும் எதிரே உட்காருபவர், வேறு துறையில் படிக்கும், முகம் மட்டும் தெரிந்தவர், வகுப்பு முடிந்து படியிறங்கும்போது "நாளைக்குத் தேர்வு இருக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய தளர்ந்த உறவுகளுக்குத் தனி வலிமை உண்டு என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும், புதிய செய்தி எட்ட நின்று பழகுபவரிடமிருந்தே வருகிறது என்பது அவர் வாதம். கல்லூரியில் செய்தி மட்டுமல்ல, 'நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவன்' என்ற உணர்வும் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் வருகிறது. இவர்களை யாரும் வீடியோ கால் போட்டுக் கூப்பிடுவதில்லை. போன் நம்பர்கூட இருக்காது. 2020-இல் முதலாண்டு சேர்ந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். மூத்தவர்கள் இழந்ததை அவர்கள் பெறவே இல்லை.

அப்படியென்றால் இணையவழிக் கல்வியே மோசமா? இந்த முடிவுக்கு அவசரப்பட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அது நியாயமில்லை. பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்ட 2020 மார்ச் மாதத்திலேயே, சில கல்வியாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, இப்போது நடப்பதை இணையவழிக் கல்வி என்று அழைக்காதீர்கள், இது 'அவசரகாலத் தொலைவழிக் கற்பித்தல்' என்றார்கள். முழுக்க இணையத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தைத் திட்டமிட்டு உருவாக்க ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். கொரோனாவில் ஆசிரியர்களுக்குக் கிடைத்தது பல இடங்களில் ஒரு வாரம், இரண்டு வாரம். வெள்ளம் வந்தபோது கட்டிய கூடாரத்தைப் பார்த்துவிட்டு வீடு என்றாலே ஒழுகும் என்று சொல்வது போலத்தான் அந்த முடிவு.

நல்லதும் நடக்காமல் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்களிடம் 2020-இல் எடுத்த ஆய்வில், வீட்டிலிருந்த காலத்தில் வார நாட்களில் அவர்கள் ஏறத்தாழ அரை மணி நேரம் அதிகம் தூங்கியது தெரிந்தது. கொஞ்சம் தாமதமாகத் தூங்கப் போனார்கள், ஆனால் தினமும் ஒரே நேரத்தை ஒட்டித் தூங்கினார்கள். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களில் சிலர் சாட் பெட்டியில் சரளமாகக் கேள்வி கேட்டார்கள். காது சரியாகக் கேட்காதவர்களுக்கு, பேசுவதைத் திரையில் எழுதிக் காட்டும் வசதி உதவியது. இதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி திரும்புவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

கேமரா சண்டைக்கு வருவோம். "கேமராவை ஆன் பண்ணுங்க" என்ற குரல் அந்தக் காலத்தில் எத்தனை கோடி முறை ஒலித்திருக்கும்! ஆசிரியர்கள் பக்கம் நியாயம் உண்டு. கறுப்புக் கட்டங்களிடம் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும், கிணற்றுக்குள் பேசுவது மாதிரி. ஆனால் மாணவர்கள் ஏன் அணைத்து வைத்தார்கள் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு உயிரியல் வகுப்பில் கேட்டபோது, அதிகம் பேர் சொன்ன காரணம் தங்கள் தோற்றம் பற்றிய கவலை. பின்னால் வீடும் வீட்டு ஆட்களும் தெரிவார்களே என்பதும், இணைப்பு பலவீனம் என்பதும் காரணங்களில் இருந்தன. பாடத்தில் அக்கறையில்லை என்று நாம் நினைத்த இடத்தில் இருந்தது பெரும்பாலும் கூச்சம்தான்.

கேமராவை ஆன் செய்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல், காணொளிச் சந்திப்பு ஏன் இப்படி ஆளைக் களைப்பாக்குகிறது என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். எல்லா முகங்களும் மிக அருகில் நின்று நம்மையே உற்றுப் பார்க்கின்றன. நாள் முழுவதும் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சட்டகத்தை விட்டு நகர முடியாமல் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். தலையசைப்பு, பார்வை போன்ற இயல்பான சைகைகளை முயன்று அனுப்பவும் முயன்று படிக்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணத்தை யோசித்துப் பாருங்கள். ஒருவர் உங்கள் பின்னாலேயே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தால் எப்படி இருக்கும்? தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது அது.

கேமராவைக் கட்டாயமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. செயல் என்ற முகத்துக்கு ஒப்பனை போட அது உதவும். சிந்தனையைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: அடிக்கடி, மதிப்பெண் பயமில்லாமல், சின்னச் சின்னதாகக் கேட்பது. பத்து நிமிடப் பாடம், பிறகு ஒரு கேள்வி, பெயர் தெரியாத வாக்கெடுப்பில் பதில். "நாற்பது பேர் தவறான விடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்" என்று ஆசிரியர் சொல்கிற கணத்தில் அந்த நாற்பது பேருக்கும் பக்கத்து நாற்காலி திரும்பக் கிடைத்துவிடுகிறது. நான் மட்டும் இல்லை! தவிர, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே படிப்பை ஆழப்படுத்தும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னே நின்றார்கள். பதிவு செய்த பாடத்தை இரட்டை வேகத்தில் மூன்று முறை ஓடவிடும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்கலாம்.

உறவுணர்வுக்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. தினம் ஒரு புதுக் குழுவில் தள்ளிவிட்டு "விவாதியுங்கள்" என்றால் நான்கு பேரும் மியூட்டில் உட்கார்ந்திருப்பார்கள். செமஸ்டர் முழுக்க அதே நான்கைந்து பேர் என்று வைத்தால், மூன்றாவது வாரத்தில் ஒருவர் வராதபோது மற்றவர் "என்ன ஆச்சு?" என்று செய்தி அனுப்புவார். அந்தச் செய்திக்கு இருக்கும் பலம் கல்லூரி அலுவலகம் அனுப்பும் எச்சரிக்கை மின்னஞ்சலுக்குக் கிடையாது.

மாணவர்கள் தங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது இடத்தையும் நேரத்தையும் திரும்பப் பிரிப்பது. தனி அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வகுப்பு, திரும்பி உட்கார்ந்தால் ஓய்வு என்ற அளவுக்கு ஓர் அடையாளம் போதும். வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வருவது, போகாத கல்லூரிக்குப் போய்வந்த மாதிரி. அப்புறம் ஒருவரோடாவது சேர்ந்து படிப்பது. பேச வேண்டும் என்றுகூட இல்லை, போனை வைத்துவிட்டு இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தாலும் போதும்.

இவை வாட்டத்துக்கு மட்டுமே. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் மாறிப்போயிருந்தால், எதிலும் நாட்டமே இல்லாமல் போனால், வாழ்வதே பாரம் என்று தோன்றினால், அது நேர அட்டவணையால் தீர்கிற விஷயம் அல்ல. கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ பேச வேண்டும். நண்பர் ஒருவர் அப்படிச் சொன்னால் அறிவுரை சொல்லத் தொடங்காமல் கேளுங்கள், கூடவே போங்கள்.

ஆசிரியர்களிடம் கேட்க ஒன்றே ஒன்று பாக்கி. வகுப்பு முடிந்ததும் உடனே மூடிவிடாதீர்கள். வகுப்பறையில் பாடம் முடிந்தபிறகு புத்தகங்களை அடுக்கிக்கொண்டு மேசையருகே கொஞ்ச நேரம் நிற்பீர்களே, தயங்கித் தயங்கி ஒருவர் வந்து கேட்பாரே, அந்த ஐந்து நிமிடம் திரையிலும் வேண்டும். கடைசிவரை நின்ற அந்த ஐந்து பெயர்களில் நான்கு பேர் உண்மையிலேயே அங்கே இல்லாமல் இருக்கலாம். ஐந்தாவது ஆள், மற்ற நால்வரும் போகட்டும் என்று மைக் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பவராக இருக்கலாம்.